ஆச்சி வாசிக்காமல் விட்ட சொல்

அறிவியலைப் பற்றி எழுதும்போது சொற்களை எப்படித் தேர்ந்தெடுப்பது, அதற்கு என்னென்ன விதிகள் உண்டு என்று பேசச் சொன்னார்கள். நான் அறிவியல் எழுத்தாளர் இல்லை. மூன்றாண்டு நர்சிங் டிப்ளமா படித்தவள். வார்டில் கேஸ் ஷீட் எழுதியதுதான் என் முதல் எழுத்து. கதையும் கட்டுரையும் வெகுகாலம் கழித்து வந்தவை. ஆகவே விதிகளை வரிசையாகச் சொல்லாமல், ஒரே ஒரு சொல் மருத்துவ எழுத்திலிருந்து எப்படி வெளியேறியது என்ற கதையை மட்டும் சொல்கிறேன். அந்தச் சொல்லை 1948இல் ஓர் உலக மாநாடு கைவிடச் சொன்னது. எங்கள் வீட்டில் ஏறக்குறைய அதே காலத்தில், எந்த மாநாட்டையும் கேட்காமல், ஒருவர் அதைக் கைவிட்டிருந்தார். அது எனக்கு வெகுநாள் தெரியாது.

எங்கள் வீட்டில் இரவு ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். ஆளுக்கு ஒரு வசனம் என்று சுற்றி வரும். மத்தேயு எட்டாம் அதிகாரம் வந்தால் ஆச்சி எப்படியோ இரண்டாம் வசனத்தைத் தன் முறைக்கு வாங்கிக்கொள்வார். 'குஷ்டரோகி' என்று அச்சிட்டிருக்கும் இடத்தில் 'வியாதிக்காரன்' என்று வாசிப்பார். நான் விரலை வைத்து வாசிக்கும் வயது. "ஆச்சி, குஷ்டரோகின்னு போட்டிருக்கு" என்று ஒருமுறை திருத்தினேன். "நீ அடுத்த வசனத்த வாசிட்டி" என்றார். ஆச்சிக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதே கண்ணால் அவர் ஊசியில் நூல் கோத்ததை நான் யோசிக்கவில்லை.

டிப்ளமா இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு இரண்டு வாரம் ஒரு தொழுநோய் இல்லத்தில் போஸ்டிங் போட்டார்கள். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது அம்மா கட்டிலில் வந்து உட்கார்ந்து, "ஆச்சிக்கு ஒரு தங்கச்சி இருந்தா" என்று ஆரம்பித்தார். கல்யாணம் பேசியிருந்த நேரத்தில் கையில் தேமல் மாதிரி வந்ததாம். ஒரு நாள் விடியுமுன் மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டுவிட்டார்களாம். கடைசிவரை அங்கேதான் இருந்தாராம். ஆச்சி இறந்து அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது. அம்மா அன்றும் நோயின் பெயரைச் சொல்லவில்லை, 'அந்த நோய்' என்றுதான் சொன்னார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் போன நான் அங்கே எழுதிய முதல் கேஸ் ஸ்டடியின் முதல் வரி, ஆங்கிலத்தில், 'ஐம்பத்தைந்து வயதான பெண் லெப்பர்' என்று ஆரம்பித்தது. எங்கள் டியூட்டர் சிவப்புப் பென்சிலால் கடைசிச் சொல்லை அடித்தார். மரியாதைக் குறைவு என்பதால் அடித்தார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "இந்தம்மாவுக்கு ஸ்மியர் நெகட்டிவ் ஆகி எத்தனை வருஷம்?" கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்த்தேன். பதினெட்டு வருடம். தோலில் கீறி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் பதினெட்டு வருடமாக ஒரு கிருமி இல்லை. அவருக்கு இருந்தது உணர்ச்சியற்ற பாதமும், அதில் ஓர் ஆறாத புண்ணும், அடுப்பில் சுட்டுக்கொண்டு குறுகிப்போன விரல்களும். நான் எழுதிய சொல் அவமரியாதை என்பது இருக்கட்டும், அது முதலில் தவறான தகவல். நோய் இல்லாத ஒருவரை நோயின் பெயரால் எழுதியிருந்தேன். பத்துப் பக்கத்தையும் திரும்ப எழுதிக் கொடுத்தேன். அந்தத் திருத்தத்துக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது என்பது, கணவரின் வேலை காரணமாக நார்வேக்கு வந்து, பெர்கன் நகரத்தில் குடியேறிய பிறகுதான் தெரிந்தது.

பெர்கன் மழைக்குப் பெயர்போன ஊர். ஊரின் நடுவில், பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், செயின்ட் யோர்கன் மருத்துவமனை என்ற பழைய மரக்கட்டடம் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டிலிருந்து தொழுநோய் உள்ளவர்களை வைத்திருந்த இடம். இப்போது அருங்காட்சியகம். கடைசியாக இருந்த இரண்டு பெண்கள் 1946இல் இறந்தார்கள். நடுக்கூடத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் படுக்கும் அளவுக்கு இடம். நான் முதலில் போன நாளில் அந்த அறைகளில் கட்டிலைச் சுற்றி நின்று டிரெஸ்ஸிங் செய்ய முடியுமா என்றுதான் கண்ணால் அளந்தேன். தொழில் புத்தி. முடியாது.

இந்த நோயை ஐரோப்பா மறந்துவிட்டிருந்த 19ஆம் நூற்றாண்டில், நார்வேயின் மேற்குக் கரையில் அது பெருகிக்கொண்டிருந்தது. 1847இல் டேனியல்சன், பூக் என்ற இரு மருத்துவர்கள் இந்நோய் பற்றி எழுதிய நூல்தான் தொழுநோய் பற்றிய முதல் நவீன அறிவியல் விவரிப்பு என்று கருதப்படுகிறது. 1856இல் நாட்டிலுள்ள நோயுற்றோர் ஒவ்வொருவரையும் பெயர், ஊர், நோய்நிலை என்று பதிவுசெய்யும் ஏட்டை அரசு தொடங்கியது. ஒரு நோய்க்காக ஒரு நாடு முழுவதற்கும் வைக்கப்பட்ட முதல் பதிவேடு அது. மொத்தத்தில் 8,000க்கும் அதிகமான பெயர்கள். இந்த ஆவணங்களை யுனெஸ்கோ 2001இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறது.

அந்தப் பதிவேடும் நூல்களும் அன்று பயன்படுத்திய நார்வேச் சொல் 'ஸ்பெடால்ஸ்க்'. அதன் வேர் 'ஹாஸ்பிடல்' என்ற அதே லத்தீன் சொல்தான். ஆஸ்பத்திரியில் அடைக்கப்பட்டவர் என்பதே நோய்க்குப் பெயர் ஆகிவிட்டது. ஒருவர் எங்கே பூட்டிவைக்கப்பட்டார் என்பதைத்தான் அது சொல்கிறது, உடம்பில் என்ன நடக்கிறது என்பதை அல்ல. இங்கே முதியோர் இல்லத்தில் நான் பார்த்துக்கொண்ட ஒரு மூதாட்டி, தன் பாட்டி வீட்டில் இந்தச் சொல்லைச் சொன்ன பிள்ளைகளுக்கு அடி விழும் என்று சொன்னார். ஏன் என்று அவருக்கும் பெரியவளான பிறகுதான் தெரிந்ததாம். நான் அவருக்கு எங்கள் ஆச்சியைப் பற்றிச் சொன்னேன். இருவரும் சிறிது நேரம் பேசாமல் காபி குடித்தோம்.

இந்த ஊரில்தான் 1873இல் கெர்ஹார்ட் ஆர்மவர் ஹான்சன் நோயாளிகளின் திசுவில் கோல் வடிவமான கிருமிகளைக் கண்டார். ஒரு நாள்பட்ட மனித நோய்க்குப் பாக்டீரியாதான் காரணம் என்று யாரும் சொல்லியிராத காலம் அது. அவருடைய மாமனாரான டேனியல்சன், இந்நோய் பரம்பரையாக வருவது என்று ஆயுள் முழுக்க நம்பியவர். மருமகன் மாமனாரின் அறிவியலைக் கவிழ்த்தார். பாவத்தின் சம்பளம், பூர்வ வினை, ரத்தத்தில் வந்த சாபம் என்று ஒவ்வொரு ஊரும் ஒவ்வொன்று சொல்லிக்கொண்டிருந்த நோய்க்கு, சாயம் ஏற்றிக் கண்ணால் பார்க்கக்கூடிய காரணம் கிடைத்தது. ஆனால் சொல் மாறவில்லை. கிருமியைக் கண்டுபிடித்த ஆய்வுக் கட்டுரைகளிலும் மோசேயின் காலத்துச் சொல்லே இருந்தது.

'மோசேயின் காலத்துச் சொல்' என்று சொல்வதும் சரியில்லை. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். லேவியராகமம் 13, 14ஆம் அதிகாரங்களில் எபிரேயத்தில் இருக்கும் சொல் 'சாராஅத்'. அது மனிதத் தோலுக்கு மட்டும் வருவதில்லை. ஆட்டுமயிர் ஆடைக்கு வருகிறது, தோல் சாமான்களுக்கு வருகிறது, வீட்டுச் சுவருக்கே வருகிறது. சிறுபிள்ளையில் ஞாயிறு பள்ளியில் "சுவருக்குக்கூட குஷ்டம் வருமா டீச்சர்" என்று கேட்டு வெளியே நிறுத்தப்பட்டேன். நியாயமான கேள்விதான். சடங்குத் தூய்மையைக் கெடுக்கும் பலவகைக் கறைகளுக்கும் படைகளுக்கும் பொதுவான சொல் அது. ஹான்சன் கண்ட கிருமியின் நோயை அது குறித்தது என்று சொல்ல ஆதாரமில்லை.

கிறிஸ்துவுக்கு முன் எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் அதற்கு 'லெப்ரா' என்று போட்டார்கள். கிரேக்க மருத்துவர்களுக்கு லெப்ரா என்றால் செதில் செதிலாக உரியும் தோல்நோய். இன்று நாம் சொல்லும் தொழுநோயை அவர்கள் 'எலிஃபன்டியாசிஸ்' என்று தனியாக அழைத்தார்கள். அரபு மருத்துவர்கள் அதை 'ஜுதாம்' என்றார்கள். 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் கான்ஸ்டன்டைன் ஆஃப்ரிக்கனஸ் அரபு மருத்துவ நூல்களை லத்தீனுக்குக் கொண்டுவந்தபோது ஜுதாமுக்கு லெப்ரா என்று எழுதினார். அங்கேதான் முடிச்சு விழுந்தது. மருத்துவர்களின் நோயும் வேதத்தின் தீட்டும் ஒரே பெயரில் சேர்ந்துகொண்டன. லேவியராகமத்தில் கறை படிந்தவருக்குச் சொன்ன விலக்கு அத்தனையும், நரம்பில் கிருமி புகுந்த ஒருவர் தலையில் வந்து இறங்கியது. மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லில் தவறினால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். தமிழ் வேதாகமத்தில் நம் முன்னோர் 'குஷ்டம்' என்று போட்டபோது, அந்த முடிச்சு விழுந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தவர் ஒரு மருந்தாளுநர், அதே நோய் வந்தவர். அவர் கதைக்கு அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக்குப் போக வேண்டும்.

மிசிசிப்பி ஆற்றங்கரையில் கார்வில் என்ற இடத்தில் கைவிடப்பட்ட ஒரு கரும்புத் தோட்டம் இருந்தது. 1894இல் நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஏழு பேரை இரவோடு இரவாக நிலக்கரிப் படகில் ஏற்றிவந்து அங்கே இறக்கினார்கள். மாட்டுவண்டியும் விடியுமுன்னும் எனக்கு நினைவுக்கு வந்தன. இரண்டாண்டு கழித்து கன்னியாஸ்திரி செவிலியர் வந்து பொறுப்பேற்றார்கள். 1921இல் மத்திய அரசு அதை எடுத்து 66ஆம் எண் கடல்துறை மருத்துவமனை என்று பெயரிட்டது. உள்ளே வருபவர்கள் பெரும்பாலும் வீட்டாரைக் காப்பாற்றத் தங்கள் பெயரை மாற்றிக்கொண்டார்கள். அவர்களுக்கு வாக்குரிமை கிடையாது. அவர்கள் எழுதும் கடிதங்கள் கிருமிநீக்கம் செய்யப்பட்ட பிறகே தபாலுக்குப் போகும்.

1931இல் டெக்சாஸைச் சேர்ந்த ஓர் யூத மருந்தாளுநர் அங்கே அனுப்பப்பட்டார். உள்ளே நுழையும்போது ஸ்டான்லி ஸ்டைன் என்று புதுப்பெயர் எடுத்துக்கொண்டார். வந்த ஆண்டே ஒரு பத்திரிகை தொடங்கினார். மருத்துவமனையின் எண்ணை வைத்து 'சிக்ஸ்டி சிக்ஸ் ஸ்டார்' என்று பெயர். சில ஆண்டுகளில் அது நின்றுபோனது. 1941இல் 'தி ஸ்டார்' என்று மறுபடி தொடங்கினார். இதற்கிடையில் நோய் அவர் கண்களை எடுத்துக்கொண்டது. மற்றவர்கள் வாசிக்க, அவர் காதால் கேட்டுத் திருத்தி, சொல்லி எழுதவைத்து, இறுதிவரை ஆசிரியராக இருந்தார். பத்திரிகை பல நாடுகளுக்குப் போனது.

தி ஸ்டாரின் ஆசிரியர் நடை என்று ஒன்று இருந்தது. 'லெப்பர்' என்ற சொல் அதில் வராது, கண்டிக்க எடுத்துக்காட்டினால் ஒழிய. நோயை 'ஹான்சன் நோய்' என்றே எழுத வேண்டும். வெளிப் பத்திரிகை எதிலாவது அந்தச் சொல் வந்தால் ஸ்டைன் கடிதம் எழுதுவார். அவர் சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும். எங்களிடம் இரக்கம் காட்டுங்கள் என்று அவர் கேட்கவில்லை. வேதத்தில் உள்ள நோய் எங்களுடையது அல்ல, அதன் பெயரை எங்கள்மேல் போடாதீர்கள், நீங்கள் எழுதுவது உண்மை அல்ல என்றார். எங்கள் டியூட்டரின் சிவப்புப் பென்சிலும் இதைத்தான் சொன்னது.

அந்த 1941இலேயே கார்வில் மருத்துவமனையின் தலைவர் கை ஃபேஜட் புரோமின் என்ற மருந்தை ஊசியாகக் கொடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். புண்கள் ஆறத் தொடங்கின. பல நூற்றாண்டுகளாக யாருக்கும் கிடைக்காத ஒன்று, குணமடைதல், முதன்முறையாக வந்தது. நம் பக்கத்தில், செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில் ராபர்ட் காக்ரேன் டாப்சோன் மருந்தை முயன்று பார்த்ததும் அந்தப் பத்தாண்டிலேயே. குணமானவர்கள் வந்தபிறகு பழைய சொல்லுக்கு நிற்க இடமில்லாமல் போனது. லெப்பர் என்பது ஆயுள் தண்டனைச் சொல். முன்னாள் லெப்பர் என்று ஒருவரை எழுதலாம், ஆனால் அதில் 'முன்னாள்' காதில் விழாது. பெத்தானியாவில் விருந்து கொடுத்த சீமோனை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரார் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும்படி விருந்து வைத்தவர் என்றால் அவர் குணமாகியிருக்க வேண்டும் என்பார்கள் விரிவுரையாளர்கள். இரண்டாயிரம் வருடமாக அவர் பெயருக்கு முன்னால் நோய் நிற்கிறது.

1948 ஏப்ரலில் கியூபாவின் ஹவானாவில் ஐந்தாவது சர்வதேசத் தொழுநோய் மாநாடு கூடியது. அங்கே சொல்லைப் பற்றித் தனியாகத் தீர்மானம் வந்தது. நோயுற்ற மனிதரைக் குறிக்க 'லெப்பர்' என்பதைக் கைவிட வேண்டும், 'தொழுநோய் நோயாளி' என்றே எழுத வேண்டும், எந்த மொழியாக இருந்தாலும் இழிவான பொருள் ஒட்டிக்கொண்ட சொல்லை ஊக்குவிக்கக் கூடாது என்பது அதன் சாரம். 'எந்த மொழியாக இருந்தாலும்' என்பதில் நம் குஷ்டரோகியும் அடக்கம். ஆனால் நோயின் பெயரை மாற்ற விஞ்ஞானிகள் ஒத்துக்கொள்ளவில்லை. 'லெப்ரஸி' அறிவியல் பெயராகத் தொடரும் என்றும் அதே தீர்மானம் சொன்னது. ஸ்டைன் தரப்பு கேட்டதில் பாதி கிடைத்தது. மனிதரின் பெயர் மாறும், நோயின் பெயர் மாறாது.

அந்தப் பாதியும் தாளில் கிடைத்ததுதான். 1874இலிருந்து இயங்கிய 'மிஷன் டு லெப்பர்ஸ்' என்ற கிறிஸ்தவ அமைப்பு தன் பெயரை 'லெப்ரஸி மிஷன்' என்று மாற்றிக்கொண்டது 1965இல். அன்பினால் ஊழியம் செய்தவர்களுக்கே பதினேழு வருடம் ஆனது என்றால் மற்றவர்களை என்ன சொல்ல. பிரேசில் ஒருபடி மேலே போய், 'லெப்ரா' என்ற சொல்லையே அரசு ஆவணங்களில் எழுதக் கூடாது, 'ஹன்செனியாசி' என்று எழுத வேண்டும் என 1995இல் சட்டம் போட்டது. இந்தியாவில் ஆங்கிலேயர் 1898இல் போட்ட சட்டத்தின் பெயரிலேயே 'லெப்பர்ஸ்' இருந்தது. அது முழுமையாக நீக்கப்பட்டது 2016இல். தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து பெறலாம் என்ற பிரிவுகள் 2019இல் போயின. உலகில் இன்றும் ஆண்டுதோறும் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது, அதில் பாதிக்கு மேல் இந்தியாவில். ஆறு மாதமோ ஒரு வருடமோ கூட்டு மருந்து எடுத்தால் குணமாகிவிடும். தேமலைக் காட்ட வராமல் மறைப்பவர்களுக்குத்தான் விரல் போகிறது. எதற்குப் பயந்து மறைக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

ஒரு சின்ன விஷயம், இடையில். ஆங்கிலப் பத்திரிகைகள் ஒதுக்கப்பட்டவரை 'லெப்பர்' என்று உவமையாகச் சொல்வதைக் குறைத்துக்கொண்டன. அதற்குப் பதிலாகச் சர்வசாதாரணமாகக் கைக்கு வருவது 'பரையா' என்ற சொல். அது நம் பறையர் என்ற பெயரிலிருந்து போனது. ஒரு கூட்டத்தாரைக் காப்பாற்ற இன்னொரு கூட்டத்தாரின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். தமிழராகிய நாமே ஆங்கிலத்தில் எழுதும்போது யோசிக்காமல் அதைப் போடுகிறோம்.

இனி 'ஹான்சன் நோய்' என்ற பெயர். அருங்காட்சியகத்துக்கு இரண்டாம் முறை போனபோதுதான் கரி நீல்ஸ்டாட்டர் என்ற பெண்ணைப் பற்றி அறிந்தேன். 1879 நவம்பரில் ஹான்சன், தன் மருத்துவமனையில் இருந்த முப்பத்து மூன்று வயதான இந்தப் பெண்ணின் கண் சவ்வில், வேறொரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்ததைக் கத்தி முனையால் குத்திச் செலுத்தினார். கிருமி தொற்றும் என்று நிரூபிக்க வேண்டும், ஜெர்மனியிலிருந்து வந்த நைசர் என்ற இளைஞர் கண்டுபிடிப்பைத் தனதாக்கிக்கொள்ளப் பார்க்கிறார், அவசரம். அந்தப் பெண்ணிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் மறுப்பார் என்று தெரியும் என்பதை அவரே ஒத்துக்கொண்டார். வழக்கு நடந்தது. 1880 மே மாதம் பெர்கன் நீதிமன்றம் அவரை மருத்துவமனைப் பதவியிலிருந்து நீக்கியது. நாட்டின் தலைமைத் தொழுநோய் அதிகாரி என்ற பதவி அவரிடமே இருந்தது.

ஸ்டைன் போராடிப் பெற்ற தூய பெயருக்குள் இந்தக் கத்தி முனை இருக்கிறது. நோயாளியின் சம்மதத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பல அறுவைச் சிகிச்சை அறைகளின் வாசலில் நின்றவள் நான். என்னால் இதைச் சும்மா கடக்க முடியவில்லை. 2015இல் உலக சுகாதார நிறுவனம் புதிய நோய்களுக்குப் பெயரிட விதிகளை வெளியிட்டது. ஊர், மனிதர், விலங்கு, தொழில், பயமூட்டும் சொல் எதுவும் பெயரில் வேண்டாம் என்றது. இந்த விதிப்படி புதிதாகப் பெயர் வைப்பதானால் ஹான்சன் நோய் என்று வைக்க முடியாது. பழைய பெயர்களுக்கு விதி பொருந்தாது. ஆகவே அது நீடிக்கிறது. கார்வில்லில் இருந்தவர்களுக்கு அந்தப் பெயர் மூச்சுவிட இடம் கொடுத்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தமிழில் நமக்கு அது தேவையில்லை என்பது என் கட்சி. தொழுநோய் என்ற சொல் போதும். மாற்ற வேண்டியது நோய்க்குப் பின்னால் வரும் ஒட்டை.

ஆங்கில மருத்துவ எழுத்தில் இன்று உள்ள விதி, மனிதரை முன்னால் வை, நோயைப் பின்னால் வை என்பது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் நடைக் கையேடு, டயபெட்டிக் என்று ஆளைச் சொல்லாதே, டயபெட்டிஸ் உள்ளவர் என்று சொல் என்கிறது. நல்ல விதி. அதைத் தமிழில் அப்படியே செய்ய முடியாது. நம் மொழியில் அடைமொழி எப்போதும் முன்னால்தான் வரும். 'தொழுநோய் உள்ளவர்' என்றாலும் 'தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்' என்றாலும் நோய் முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மனிதரை முன்னால் தள்ளினால் 'மனிதர், தொழுநோயோடு' என்று தமிழல்லாத ஒன்று வரும். சில மொழிபெயர்ப்புகளில் அதையும் பார்த்திருக்கிறேன்.

தமிழில் மரியாதையும் அவமரியாதையும் சொல்லின் வாலில் இருக்கின்றன. 'குஷ்டரோகி வந்தான்' என்பதற்கும், 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'தொழுநோயாளர் ஒருவர்' என்று எழுதியதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். நோய் இரண்டிலும் முன்னால்தான் நிற்கிறது. ரோகி போய் ஆளர் வந்தது, 'ஆன்' போய் 'ஆர்' வந்தது. எனக்கு 'நோயாளி' என்ற சொல் ரொம்பப் பிடிக்கும், அதில் ஆளுதல் இருக்கிறது என்பதால். நோய் அவரை ஆளவில்லை, அவர் நோயை ஆள்கிறார் என்று நானாக நினைத்துக்கொள்வேன். இலக்கண ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் குணமான பிறகு 'ஆளர்' பொய்யாகிவிடும். அங்கே 'தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்' என்று நீட்டித்தான் எழுத வேண்டும். தலைப்பில் இடம் போதாது என்று உதவியாசிரியர்கள் சொல்வார்கள். இடம் போதாவிட்டால் நோயை எடுத்துவிட்டு 'முதியவர்', 'தையல்காரர்' என்று போடுங்கள். பல செய்திகளுக்கு நோய் தேவையே இல்லை.

இப்போது நான் செய்துகொண்டிருக்கும் வேலைக்கு வருகிறேன். இங்குள்ள தமிழ் முதியவர்களுக்குச் சர்க்கரை நோயில் பாதத்தைக் காப்பது பற்றி நாலு பக்கத் துண்டுப் பிரசுரம் ஒன்று தமிழில் தயாரிக்கிறேன். இது வேறு விஷயம் இல்லை. வேலூரில் பால் பிராண்ட், தொழுநோயில் விரல்கள் அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டும் சுட்டும் தேய்ந்தும் போகின்றன என்று காட்டினார். 1966இல் அவர் கார்வில்லுக்குப் போனார், ஸ்டைன் இறப்பதற்கு முந்தைய ஆண்டு. வேலூரில் உணர்ச்சியற்ற பாதத்துக்குச் செய்த மாவுக்கட்டும் செருப்பும் அங்கிருந்து சர்க்கரை நோய் உள்ளவர்களின் பாதங்களுக்குப் போயின. நான் இல்லத்தில் டிரெஸ்ஸிங் செய்த பாதமும் இங்கே பெர்கனில் டிரெஸ்ஸிங் செய்யும் பாதமும் ஒரே மாதிரிப் புண் கொண்டவை. நரம்பு செத்த இடம், அழுத்தம் விழும் இடம், சுற்றிலும் தடித்த தோல்.

பிரசுரத்தின் முதல் வரைவை யாழ்ப்பாணத்து ஐயா ஒருவருக்கு வாசித்துக் காட்டினேன். 'சர்க்கரை நோயுடன் வாழ்பவர்கள்' என்று எழுதியிருந்தேன். "பிள்ளை, நான் மனிசியோடதான் வாழுறன்" என்றார். அடித்துவிட்டேன். 'சர்க்கரை நோயாளிகள்' என்றால் எப்படி என்று கேட்டேன். "நோயாளி எண்டா படுக்கையில கிடக்கிறவன். நான் நேற்றும் பனி தள்ளினனான்" என்றார். 'சர்க்கரை நோய் உள்ளவர்கள்' என்பதற்குத் தலையை ஆட்டினார், முழு மனதோடு இல்லை. 'நீரிழிவு' என்று போட்டால்தான் தன் ஊர்க்காரருக்கு விளங்கும் என்றும் சொன்னார். அது நியாயம். இரண்டையும் போட இடமில்லை.

அடுத்த வாரம் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். இங்கே ஈழத்தவரும் இருக்கிறீர்கள், தமிழ்நாட்டுக்காரர்களும் இருக்கிறீர்கள், உங்களில் சிலருக்கு அந்த நோயும் இருக்கும். கேள்வி நேரத்தில் ஹான்சனைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள். அதற்கு முன் ஒருவராவது, உங்களைப் பற்றி அந்த முதல் வரியில் எப்படி எழுதினால் பிரசுரத்தை மடித்துக் குப்பையில் போடாமல் இரண்டாம் பக்கத்துக்குப் போவீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்.